பீஜானின் தலைவலி

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிறன்று எங்கள் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகன், மறு ஆண்டு மே மாதம் நீட் தேர்வு முடியும்வரை தன் கைபேசியை எங்களிடம் ஒப்படைத்துவிடுவான். அதற்கு ஈடாக, அவன் அன்று காலையில்தான் தேர்ந்தெடுத்து முடித்திருந்த ஓர் அணியை டிசம்பர் இறுதிவரை நாங்கள் நடத்தித் தரவேண்டும். அணி என்றால் மைதானத்தில் இறங்கி ஆடும் அணியன்று. அமெரிக்கக் கால்பந்தில் உண்மையாக ஆடும் வீரர்களின் பெயர்களைக் கொண்டு தாளில் அமைக்கும் அணி. அட்லாண்டாவில் வளர்ந்த எங்கள் அண்ணன் மகன் அங்குள்ள நண்பர்கள் எட்டுப் பேரையும் எங்கள் மகனையும் சேர்த்துப் பத்துப் பேராக நடத்திவந்த ஆட்டம் அது. பணம் கிடையாது. கடைசி இடத்தில் வருபவர் மற்றவர்கள் எழுதித் தரும் பாட்டைப் பாடி அனுப்பவேண்டும் என்பதே தண்டனை.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்ப்பவர். இருவருக்குமே அந்த ஆட்டத்தில் பந்து ஏன் முட்டை வடிவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே என்று கேட்டதற்கு மகன் பதில் சொல்லவில்லை. "பீஜானை மட்டும் வித்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

பீஜான் ராபின்சன் என்பது அவன் முதற்சுற்றில் எடுத்திருந்த வீரரின் பெயர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்துப் பையன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ரன்னிங் பேக்குக்கு அளிக்கும் டோக் வாக்கர் விருதை 2022இல் பெற்றவர். 2023 ஏப்ரலில் நடந்த தேர்வில் அட்லாண்டா பால்கன்ஸ் அணி அவரை எட்டாவது ஆளாக எடுத்தது. 2018இல் சாக்வான் பார்க்லிக்குப் பிறகு முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்ட முதல் ரன்னிங் பேக் அவர்தான். பெயரின் ஓசை டிஜான் என்னும் பிரெஞ்சு நகரத்துக் கடுகுக் குழம்போடு ஒத்துப்போவதால், மாணவனாக இருந்தபோதே தன் பெயரில் ஒரு கடுகுக் குழம்பை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். இச்செய்தி எங்கள் வீட்டில் அவர்பால் ஒரு பரிவை ஏற்படுத்தியது. கடுகைத் தாளிப்பவர்கள் அல்லவா நாங்கள்.

*

அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு. பந்தை எறிவதா, எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பது அணியின் விருப்பம். குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரே நிற்கும் மலை போன்ற மனிதர்களுக்கிடையே திறக்கும் ஒரு நொடிச் சந்தில் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். சந்து திறக்காவிட்டாலும் அவர் ஓடியாகவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் மூவர், அவர்மேல் வந்து விழுவார்கள். கபடியில் பாடிச் செல்பவனைப் பிடிப்பதுபோல என்று சொல்லலாம். ஆனால் அங்கே பிடிப்பவர்கள் ஓடிவந்து மோதுகிறார்கள்.

இந்த ஓட்டத்தை எண்ணாக்குவதுதான் ஃபேன்டசி ஆட்டம். பத்துக் கஜம் ஓடினால் ஒரு புள்ளி. எறியப்பட்ட பந்தைப் பிடித்து ஓடினாலும் அதே கணக்கு. எங்கள் குழுவில் பிடித்ததற்கென்று தனியே ஒரு புள்ளியும் உண்டு. எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன் ஆனால் ஆறு. பந்தை நழுவவிட்டு எதிரணி எடுத்துக்கொண்டால் இரண்டு குறையும். ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் சிறு பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர் 1962இல் அணியுடன் நியூயார்க் சென்றிருந்தபோது, விடுதி அறையில் இருவரைச் சேர்த்துக்கொண்டு இதன் விதிகளை எழுதினார் என்பது வரலாறு. அடுத்த ஆண்டு ஓக்லண்டில் முதல் ஆட்டம் நடந்தது. நம் ஊர் இளைஞர்கள் கிரிக்கெட்டை வைத்து ஆடிவந்ததும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பணம் கட்டி ஆடுவது நின்றுபோனதும் இதன் வழித்தோன்றலைத்தான்.

உண்மையான ஆட்டத்தில் அணிகள் வெல்கின்றன, தோற்கின்றன. இதிலோ அணிகளுக்குப் பொருளில்லை. தனி மனிதன் எத்தனை கஜம் நகர்ந்தான் என்பது மட்டுமே பொருட்டு. அட்லாண்டா வென்று பீஜான் ஒன்றும் செய்யாவிட்டால் நாங்கள் தோற்றவர்கள். அட்லாண்டா தோற்றுப் பீஜான் இரு முறை கோட்டைக் கடந்தால் எங்களுக்குத் திருவிழா.

செப்டம்பர் பிறப்பதற்குள் நாங்கள் இன்னொன்றையும் கண்டுகொண்டோம். இந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய எழுத்து வகையே இருக்கிறது. ஒவ்வொரு இளம் வீரரைப் பற்றியும் 'இவர் இந்தப் பருவத்தில் எப்படி இருப்பார்' என்று பருவம் தொடங்கும் முன்னரே எழுதிக் குவிக்கிறார்கள். வயது, எடை, நாற்பது கஜ ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நொடிகள், முன்னே நின்று வழியமைப்பவர்களின் தரம், பயிற்சியாளரின் பழக்கம், கூட்டாளி யார், முழங்கால் எப்படி என்று அலசி, இறுதியில் ஓர் எண்ணைத் தருவார்கள். எங்களில் தமிழ் கற்பிப்பவருக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்தது. போருக்குப் போன தலைவன் வருவானா என்றறிய, முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி வழிபட்டு விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். கன்றைத் தேற்றும் ஆயர் மகள் தற்செயலாகச் சொன்ன ஆறுதல் மொழியை நற்சொல்லாகக் கொண்டு திரும்புகிறார்கள். இங்கே நெல்லுக்கும் பூவுக்கும் பதிலாக அட்டவணைகள். ஆனால் கேட்பவரின் நெஞ்சிலிருக்கும் நடுக்கம் ஒன்றுதான்.

கணக்குப் பார்ப்பவர் இந்த ஒப்புமையை ஏற்கவில்லை. "இதில் கணக்கு இருக்கிறது" என்றார். இருந்தது. பீஜானைப் பற்றி வந்த எதிர்பார்ப்புகளில் ஒரு முட்டுக்கட்டையையும் அவர்தான் கண்டுபிடித்தார். முந்தைய 2022 பருவத்தில் டைலர் ஆல்ஜியர் என்னும் புதியவர் அதே அட்லாண்டாவுக்காக 1,035 கஜம் ஓடியிருந்தார். ஆயிரம் கஜம் ஓடியவனை உட்கார வைத்துவிட்டுப் புதியவனுக்கே எல்லாப் பந்தையும் கொடுப்பார்களா? ஒரே வேலைக்கு இருவர் இருக்கும் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பது வங்கிக்காரருக்குத் தெரியாதா என்ன.

*

செப்டம்பர் 10ஆம் தேதி முதல் ஆட்டம். கரோலினாவுக்கு எதிராகப் பீஜான் பத்து முறை ஓடி 56 கஜம், ஆறு முறை பிடித்து 27 கஜம், ஒரு டச் டவுன். எங்கள் கணக்கில் 20.3 புள்ளிகள். ஆல்ஜியர் பதினைந்து முறை ஓடி இரு டச் டவுன். வங்கிக்காரரின் அச்சம் சரியே. அடுத்த வாரம் கிரீன் பே அணிக்கு எதிராகப் பீஜான் 124 கஜம் ஓடினார். காலையில் இட்லி பரிமாறும்போது இந்த எண்ணை மகனிடம் சொன்னோம். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எங்களுக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்கு முன்பே, "சனிக்கிழமை உயிரியல் டெஸ்ட்ல எவ்வளவு?" என்று கேட்டோம்.

இதைத்தான் இங்கே எழுதவேண்டும். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று பீஜானுடையது. மற்றொன்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த மகனுடையது. வார வாரம் பயிற்சி மையம் நடத்திய தேர்வின் மதிப்பெண், 720க்கு எவ்வளவு, சென்ற வாரத்தைவிட ஏற்றமா இறக்கமா என்று கணக்குப் பார்ப்பவர் இரண்டு நிற மையில் குறித்துவந்தார். பயிற்சி மையத்தார் எங்களை அழைத்து, பையனின் 'வாய்ப்பு' பற்றி ஒருமுறை விளக்கினார்கள். இப்போதுள்ள போக்கில் போனால் இவ்வளவு, இயற்பியலைத் தூக்கினால் இவ்வளவு என்றார்கள். வயதும் முழங்காலும்தான் கேட்கவில்லை. அந்தப் பேச்சின் நடை எங்களுக்கு மிகவும் பழக்கப்பட்டதாக இருந்ததை அன்று நாங்கள் கவனிக்கவில்லை. உண்மையில் அதைக் கேட்டு ஊக்கம் பெற்றுத்தான் வீடு திரும்பினோம்.

*

2023 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆயுத பூசை. எங்கள் பக்கத்தில் அன்று புத்தகங்களைச் சரசுவதி படத்தின் முன் அடுக்கி வைத்துவிட்டால், மறுநாள் எடுக்கும்வரை படிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆண்டில் அரசாங்கமும் தெய்வமும் சேர்ந்து அளிக்கும் ஒரே விடுமுறை. ஆனால் பயிற்சி மையத்தில் அந்தத் திங்கட்கிழமை காலையிலும் தேர்வு வைத்திருந்தார்கள். ஞாயிறு மாலை விளக்கேற்றும் நேரத்தில் மகன் மாடியிலிருந்து இறங்கிவந்து, "தலை வலிக்குப்பா" என்றான்.

நாங்கள் கேட்ட முதற்கேள்வி, "நாளைக்கு டெஸ்ட் இருக்கே?" என்பது. யார் கேட்டது என்று இன்று இருவருமே மற்றவரைக் கைகாட்டமுடியும். இருவரும் கேட்டோம் என்பதே உண்மை. தைலம் தேய்த்து, சுக்குக் காப்பி கொடுத்து, சீக்கிரம் படுக்கச் சொன்னோம். மாதத்தில் நான்காவது தலைவலி அது. ஒவ்வொன்றும் தேர்வுக்கு முந்தைய நாளில் வருவதாகக் கணக்குப் பார்ப்பவர் சொன்னார். எண்கள் எல்லாவற்றையும் காட்டும் என்று நம்பியவர்கள் நாங்கள்.

அன்றிரவு பத்தரை மணிக்கு அட்லாண்டாவுக்கும் டாம்பா பேவுக்கும் ஆட்டம். மறுநாள் கல்லூரிக்கும் வங்கிக்கும் விடுமுறை என்பதால் விழித்திருந்தோம். அந்த வாரம் எங்களுக்கு எதிரி அண்ணன் மகனே. கைபேசியில் பீஜான் பெயருக்கு நேரே பூச்சியம் நின்றது. கால் பகுதி ஆட்டம் முடிந்தது, பூச்சியம். பாதி முடிந்தது, பூச்சியம். எண்கள் வருவது தடைபட்டுவிட்டதோ என்று கைபேசியை அணைத்துத் திறந்தோம். மற்ற வீரர்களுக்கு வந்துகொண்டிருந்தது. இவருக்கு மட்டும் இல்லை. ஒருவழியாக ஒரே ஒரு முறை பந்து அவர் கைக்கு வந்தது. மூன்று கஜம். 0.3 புள்ளி. அவ்வளவுதான் அன்றைக்கு. அட்லாண்டா 16-13 என்று வென்றது. நாங்கள் நான்கு புள்ளிகளில் தோற்றோம்.

நள்ளிரவு தாண்டி அண்ணன் மகனிடமிருந்து செய்தி வந்தது. "ஏதோ தலைவலியாம் சித்தப்பா. கோச் சொல்றார்." நாங்கள் அனுப்பிய பதில் இப்போதும் அந்தக் கைபேசியில் இருக்கிறது. "தலைவலிக்கெல்லாமா ஒருத்தன் ஆடாமல் இருப்பான்?"

காலையில் மகன் எழவில்லை. ஆறு மணிக்கு எழுப்பினோம், ஆறரைக்கு எழுப்பினோம். "இன்னும் வலிக்கும்மா" என்றான். ஒன்றரை மணிவரை விழித்திருந்து தோற்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. இரவு எழுதிய அதே வாக்கியம் ஒரு சொல்லும் மாறாமல் எங்கள் வாயிலிருந்து வந்தது. அவன் எழுந்து முகம் கழுவித் தேர்வுக்குப் போய்விட்டான். போனபிறகு பூசைக்குப் பொரி வாங்கப் புறப்பட்டவர் வாசற்படியில் நின்று, "நாம் ராத்திரி அதையேதானே அந்தப் பையனையும் சொன்னோம்?" என்றார். மற்றவர் பதில் சொல்லவில்லை.

*

அமெரிக்காவில் அந்தத் தலைவலி பெரிய பேச்சாயிற்று. என்.எஃப்.எல். அமைப்பில் ஒவ்வோர் அணியும் வாரந்தோறும் காயப்பட்டோர், நோயுற்றோர் பட்டியலை வெளியிட்டாகவேண்டும். யாருக்கு எங்கே வலி, எவ்வளவு பயிற்சி செய்தார், ஆடுவது ஐயமா உறுதியா என்றெல்லாம் அதில் இருக்கும். பீஜானின் பெயர் அந்த வாரப் பட்டியலில் இல்லை. முந்தைய இரவே உடம்பு சரியில்லாமல் போனதாக அவர் பின்னர் சொன்னார். பட்டியலில் சேர்க்காதது விதிமீறல் என்று கண்டு, அட்லாண்டா அணிக்கு 75,000 டாலரும் பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித்துக்கு 25,000 டாலரும் அபராதம் விதித்தார்கள்.

இந்தப் பட்டியல் வீரரின் நலனுக்காக வந்தது என்று யாரும் எண்ணவேண்டாம். சூதாடுபவர்களுக்கிடையே சிலருக்கு மட்டும் உள்செய்தி தெரிந்துவிடக்கூடாது என்னும் கவலையும் அதன் பின்னே இருக்கிறது. அன்று கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்களே. 'தலைவலி இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்டவர்கள் குறைவு. 'முன்பே சொல்லியிருந்தால் வேறொருவனை இறக்கியிருப்போமே' என்றவர்களே மிகுதி. 2011இல் ஏரியன் ஃபாஸ்டர் என்னும் ரன்னிங் பேக், தன் தொடைத்தசைக் காயத்தைவிடத் தங்கள் ஃபேன்டசி அணியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர்களை வெளிப்படையாகவே கடிந்து எழுதியிருந்தார் என்பதைப் பிற்பாடு படித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளில் எதுவும் மாறியிருக்கவில்லை. மாறாதவர்களில் இருவர் எங்கள் ஊரில் இருந்தோம்.

எனினும் அந்த விதியில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. எந்த நோக்கத்துக்காகவேனும் ஆகட்டும், வாரம் ஒருமுறை எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதிவைக்கவேண்டிய கடமை ஒருவருக்கு அங்கே இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் நாங்கள் ஒட்டியிருந்த அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நவம்பர் நடுவில் பள்ளியின் வேதியியல் ஆசிரியை எங்களை அழைத்தார். "பையன் போர்டைப் பார்த்து எழுதுவதில்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறான். கவனித்தீர்களா?" என்றார். நாங்கள் கவனித்திருக்கவில்லை. அன்று மாலையே கண் மருத்துவரிடம் போனோம். மருத்துவர் எழுத்துப் பலகையின் மூன்றாம் வரியில் அவனை நிறுத்தினார். அவனுக்கு அதற்குக் கீழே தெரியவில்லை. கிட்டப்பார்வை, கூடவே இடக்கண்ணில் வேறொரு கோணலும். "ஆறு மாதமாவது இருந்திருக்கும். தலைவலி இருந்திருக்குமே?" என்று மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அவன் உடனே பதில் சொன்னான். நெடுநாள் ஆயத்தமாக வைத்திருந்த பதில் அது. "சொன்னா போன் பாத்துத்தான் கண்ணு போச்சுன்னு சொல்வீங்க. போனையே குடுத்த பிறகும் அதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்." சற்றுப் பொறுத்து, "தலை வலிக்குன்னு மட்டும் சொன்னேனே" என்றான்.

பேருந்து நிலையத்துக்கருகே கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தோம். அப்போது செய்ய முடிந்தது அதுதான். கண்ணாடி வந்த அன்று மாடியிலிருந்து பார்த்துவிட்டு, எதிர்வீட்டு வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்றான். தனித்தனியாகத் தெரியாமல் அவன் எத்தனை நாள் அந்த மரத்தைப் பார்த்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. அட்டவணையை மறுநாளே கணக்குப் பார்ப்பவர் எடுத்துவிட்டார். எடுத்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. காந்தம் மட்டும் சில மாதம் கதவிலேயே இருந்தது.

*

அந்தப் பருவம் முடிந்தபோது பீஜான் 214 முறை ஓடி 976 கஜம், 58 முறை பிடித்து 487 கஜம், எட்டு டச் டவுன் என்று கணக்கு நின்றது. ஆல்ஜியர் 186 முறை ஓடியிருந்தார். ஒரே வேலைக்கு இருவர் என்ற வங்கிக்காரரின் கணிப்பு பலித்தது. பீஜான் மோசமாக ஆடினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவரை ஏமாற்றம் என்று எழுதினார்கள். பருவத்துக்கு முன்னால் தாங்களே எழுதிய எண்ணை அவர் எட்டவில்லை என்பதுதான் குற்றம். இருபத்தொரு வயதில் தன்னைப் பற்றிப் பிறர் எழுதிய எண்ணுக்குத் தான் கடன்பட்டவனாவது எப்படி என்று அப்போதுதான் யோசித்தோம். பத்துப் பேரில் நாங்கள் ஏழாவதாக வந்தோம். பாட்டுப் பாடுவதிலிருந்து தப்பினோம்.

2024 ஜனவரியில் ஆர்தர் ஸ்மித்தை அட்லாண்டா நீக்கியது. ரஹீம் மோரிஸ் புதிய பயிற்சியாளரானார். மே மாதம் நீட் முடிந்தது. மகனுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை எழுதலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். 'இரண்டாம் ஆண்டில்தான் பிள்ளைகள் வெடித்துக் கிளம்புவார்கள்' என்று பயிற்சி மையத்தார் ஆர்வத்தோடு பேசினார்கள். ரன்னிங் பேக்குகளைப் பற்றியும் இதையே எழுதுகிறார்கள். அவனைக் கேட்டோம். நிலவியல் படிக்கவேண்டும் என்றான். பாறைகளில் அவனுக்கு என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பிடித்திருக்கிறது என்றான்; சேர்த்துவிட்டோம். இது சரியான முடிவா என்பதற்கு எங்களிடம் எண் ஏதுமில்லை.

அந்த ஆகஸ்டில் அணித்தேர்வு வந்தபோது, "நீங்களே வச்சுக்கோங்க, நான் ஹாஸ்டல்ல தனியா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்" என்று மகன் எங்களுக்கே அணியை எழுதிக்கொடுத்துவிட்டான். குலுக்கலில் முதலிடம் எங்களுக்கு விழுந்தது. பீஜானை எடுக்கலாமா என்று ஒரு வாரம் பேசினோம். உலகமே ஒருமுகமாகச் சொன்னது சான் பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ்டியன் மக்காஃப்ரியை. முந்தைய ஆண்டு ஓட்டத்தில் முதல்வர். எந்தக் கணிப்பைத் திறந்தாலும் அவர் பெயரே தலையில். இரண்டு ஆண்டு எண்ணும் அச்சமும் எங்களை அவரிடம் கொண்டுசேர்த்தன. கணுக்கால் பக்கத்துத் தசைநார் வீக்கத்தால் மக்காஃப்ரி முதல் ஆட்டத்திலேயே இறங்கவில்லை. பின்னர் முழங்காலும் கெட்டது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியவை நான்கே ஆட்டங்கள். அண்ணன் மகன் எடுத்த பீஜானோ 304 முறை ஓடி 1,456 கஜமும் மொத்தம் பதினைந்து டச் டவுன்களும் எடுத்தார். நாங்கள் பத்தாவது இடத்தில் வந்து, அட்லாண்டாப் பையன்கள் எழுதிய ஓர் அபத்தமான பாட்டை இருவர் குரலிலும் பாடி அனுப்பினோம்.

இந்த ஓட்டக்காரர்களின் வாழ்வைப் பற்றிப் படிக்கப் படிக்க எங்களுக்கு ஆட்டத்தைவிட அதுவே பெரிதாகத் தோன்றியது. முதற்சுற்றில் எடுக்கப்படும் இளைஞருக்கு நான்காண்டு ஒப்பந்தம். அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டையும் நீட்டிக்கொள்ளலாம். உடம்பின் மிகச் சிறந்த ஆண்டுகள் இதற்குள் கழிந்துவிடும். டாட் கர்லி என்பவர் 2015இல் பத்தாவதாக எடுக்கப்பட்டு, 2017இல் சிறந்த தாக்குதல் வீரர் விருது பெற்று, 2018இல் பெரிய ஒப்பந்தம் கண்டு, 2020 மார்ச்சில் கழற்றிவிடப்பட்டார். அந்த ஆண்டு அட்லாண்டாவுக்கு ஆடியதே அவருடைய கடைசிப் பருவம். அப்போது வயது இருபத்தாறு. நம் கல்லூரிகளில் அந்த வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வார்கள். 2023 ஜூலையில், சாக்வான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ் ஆகியோருக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் போன நாட்களில், முன்னணி ரன்னிங் பேக்குகள் பலர் இணையவழியில் கூடித் தங்கள் நிலையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரோடொருவர் போட்டியிடவேண்டியவர்கள் எங்கே வலிக்கிறது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கூட்டம் என்று அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதே பார்க்லி 2024இல் பிலடெல்பியாவுக்குப் போய் 2,005 கஜம் ஓடிக் கோப்பையும் வென்றார். விரிச்சி கேட்டு நிற்பவர்களுக்கு ஆயர் மகள் எந்தக் கன்றிடம் என்ன சொல்வாள் என்று யாரால் சொல்லமுடியும்?

இவ்வளவும் தெரிந்தபின் விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடவில்லை. எண்கள் பொய்யல்ல. பத்துக் கஜம் என்பது பத்துக் கஜம்தான். வகுப்பறையில் விடைத்தாள் திருத்துபவரும் வங்கியில் பேரேடு பார்ப்பவரும் எண்ணைத் துறந்து வாழமுடியாது. ஆனால் எண்ணை முதலில் கேட்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முயன்றுவருகிறோம். இப்போது விடைத்தாள் கொடுக்கும் நாளில் வராத மாணவர்களின் பெயரைத் தமிழாசிரியர் குறித்துவைத்துக்கொள்கிறார். அடுத்த நாள் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். சிலர் பொய் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். சொல்லட்டும்.

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அமெரிக்காவில் திங்கள் இரவு. பஃபலோவுக்கு எதிராகப் பீஜான் ஒரே ஓட்டத்தில் 81 கஜம் ஓடிக் கோட்டைக் கடந்தார். அன்று மொத்தம் 170 கஜம் ஓடினார். அவர் எங்கள் அணியில் இல்லை. இருந்தும் பால்காரர் வரும் நேரத்தில் இருவரும் கூடத்தில் நின்றுகொண்டே பார்த்தோம். சந்து திறந்தது, அவர் புகுந்தார், அதன்பின் அவரைத் தொட யாருமில்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்கு எத்தனை புள்ளி என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் விடுதியிலிருந்து மகன் அழைத்தான். "பாத்தீங்களாப்பா?" என்றான். பார்த்தோம் என்றோம். அடுத்த வாரம் தீபாவளிக்கு வரும்போது ஏதோ ஒரு கல்லைக் கொண்டுவருவதாகச் சொன்னான். பேச்சை முடிக்கும் முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டோம். "தலைவலி ஏதும் இருக்கா?"

"இல்லம்மா" என்றான். பிறகு, சிறிது நேரம் கழித்து, "கொஞ்சம் இருக்கு. ராத்திரி தூங்கல, மேட்ச் பார்த்தேன்" என்றான்.

இரண்டு ஆண்டுக்கு முன்பாக இருந்தால் அந்த இரண்டாவது பதில் எங்களுக்குக் கிடைத்திருக்காது.